காரணம் சொல்லாத சாம்பல் பொத்தான்

இணையத்தில் ஒரு போட்டிக்குப் பதிவு செய்கிறீர்கள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாகிவிட்டது. ஆனாலும் 'சமர்ப்பி' பொத்தான் சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது. அழுத்தினால் அசைவில்லை. என்ன தவறு என்று சொல்வாரும் இல்லை.

தவறு உங்கள் பெயரில் உள்ள சாய்கோடாக இருக்கலாம். மலேசியாவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்றும் சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்றும் நம்மவர் பலரின் அடையாள அட்டையில் அது உண்டு. எழுத்துகளை மட்டும் ஏற்கும்படி அமைத்த கட்டம் அதைத் தள்ளிவிடும். பெயர் சரி, படிவம்தான் தவறு. குழம்பி நிற்பதோ நீங்கள்!

காரணம் சொல்லாமல் பொத்தானை முடக்கி வைப்பது சோம்பேறித்தனம் என்பேன். பொத்தானை அழுத்த விட்டு, எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று அதன் கீழேயே எழுதிக் காட்டலாமே. (சாய்கோட்டை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.) பணம் செலுத்தும் பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் சற்று நேரம் முடக்குவது வேறு. இருமுறை பணம் போகாமல் இருக்க அது தேவை.

பள்ளிக் கணினிக் கழகத்துக்காக நீங்களே இணையப் பக்கம் செய்பவராக இருந்தால் இதைக் கவனியுங்கள். எச்டிஎம்எல் நிரலில் 'டிசேபிள்டு' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் கட்டம் முடங்கிவிடும். டேப் விசை அதைத் தாண்டிப் போகும். திரை வாசிப்பானை நம்பி டேப் விசையால் நகரும் பார்வையற்றவருக்கு அப்படியொரு கட்டம் இருப்பதே தெரியாமல் போகலாம். அதோடு, படிவத்தை அனுப்பும்போது அந்தக் கட்டத்தில் உள்ளது போகவே போகாது. பள்ளியின் பெயரை முன்கூட்டியே நிரப்பி, யாரும் மாற்றக்கூடாதென்று இப்படி முடக்கினால், பெயர் உங்களிடம் வந்து சேராது. அந்த இடத்துக்கு உரியது 'ரீட்ஒன்லி'. திருத்த முடியாது; ஆனால் நகலெடுக்கலாம், படிவத்தோடும் போகும்.

அடுத்தது நிறம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டி. முடக்கிய கட்டங்களுக்கு அதில் விலக்கு உண்டு. இந்தச் சலுகை எனக்கு உடன்பாடில்லை. திருத்த முடியாத கட்டம் என்றாலும் அதில் உள்ளதைப் பாட்டி படிக்க வேண்டாமா? வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற எண்ணுடைய சாம்பல் அந்த அளவை எட்டிவிடும். அதைவிட வெளிறிய சாம்பலை எழுத்துக்குத் தீட்டாதீர்கள். பின்னணிக்கு மெல்லிய நிறம் கொடுத்தாலோ எழுத்தை இன்னும் சற்றுக் கருமையாக்க வேண்டும்.

சிலர் சிஎஸ்எஸ் கொண்டு சாம்பல் பூசியதோடு கட்டம் முடங்கிவிட்டதாக நினைக்கிறார்கள். அது வெறும் சாயம். தட்டச்சு செய்தால் எழுத்து விழும். உண்மையிலேயே முடக்கிய கட்டமும் பூட்டு அன்று. உலாவியிலேயே உள்ள நிரலாளர் கருவியைத் திறந்து அந்த ஒரு சொல்லை அழித்தால் கட்டம் திறந்துகொள்ளும். ஆகவே கட்டணத் தொகை போன்றவற்றைப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சர்வரில் மறுபடியும் சரிபார்த்தே ஏற்க வேண்டும்.