பள்ளி மேசையில் ஆர்டுயினோ

சிறு மின்பலகைக்கு நிரல் எழுதி, மோட்டாரையும் உணரியையும் இயக்கிப் பார்ப்பது நெடுங்காலம் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகவே இருந்தது. கேரளம் அதனைப் பொதுக்கல்வியாக்கியுள்ளது. 2018-இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் தொடங்கின. 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பின் 4.3 லட்சம் மாணவர்களுக்கும் ரோபோட்டிக்ஸ் பாடமாயிற்று. 29,000 கருவித் தொகுப்புகள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. கை நீட்டியதும் கிருமிநாசினி வழங்கும் கருவியை மாணவர்களே செய்கின்றனர்.

இத்தொகுப்பிலுள்ள ஆர்டுயினோ பலகை 2005-இல் இத்தாலியில் உருவானது. அதன் வரைபடமும் மென்பொருளும் எவரும் எடுத்தாளத் திறந்திருப்பவை. அறிவு இவ்வாறு பொதுவுடைமையாக இருப்பதால்தான், தமிழக எல்லையை ஒட்டிய தனுவச்சபுரத்தின் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் அது கைக்கெட்டுகிறது.

எனினும் பத்தாம் வகுப்போடு இப்பயிற்சி நின்றுவிடலாகாது. தனுவச்சபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அதே மாவட்டத்தில், மாநில அரசு 1973-இல் நிறுவிய கெல்ட்ரான் இருக்கிறது. பள்ளி, ஐ.டி.ஐ., பொதுத்துறை ஆலை மூன்றும் ஒரே சங்கிலியாக இணைய வேண்டும். பழுதான பாகங்களை மாற்ற ஆண்டுதோறும் நிதியும் ஒதுக்கப்பட வேண்டும். இல்லையேல் மக்கள் பணத்தில் வளர்ந்த திறன், தனியார் நிறுவனங்களுக்கு மலிவான ஒப்பந்த உழைப்பாகவே போய்ச் சேரும்.