அலகுக் கட்டடமும் மென்பொருட் கொள்வனவும்

அறையொன்றைத் தொழிற்சாலையிலேயே முழுமையாக ஆக்கி, பாரவூர்தியில் ஏற்றிச் சென்று, பாரந்தூக்கியால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மாடிக் கட்டடம் எழுப்பும் முறை இன்று பல நாடுகளிற் பரவி வருகின்றது. இதனை அலகுக் கட்டட முறை என்போம். இலண்டனின் குறொய்டன் பகுதியில் 2020 இல் நிறைவெய்திய கட்டடமொன்று இவ்வாறு 44 மாடிகள் உயர்ந்து நிற்கின்றது. இத்தகைய அலகுகளை ஆக்கும் நிறுவனமொன்று தனது கட்டமைப்பு வடிவமைப்புக்கு எந்தக் கணனி மென்பொருளை வாங்குவது என்னும் வினா, பார்வைக்கு வெறும் கொள்வனவு வினாவாகவே தோன்றும். கதிரை மேசை வாங்குவது போன்று விலையையும் வசதியையும் ஒப்பிட்டு முடித்துவிடலாம் என்று கருதுவோர் பலர். அக்கருத்து ஆபத்தானது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்த்தரப்பினரின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்துக்கூறுவோம். தொழிற்சாலையின் உயிர் வேகத்தில் உள்ளது. வரைபடம் தாமதித்தால் உருக்கு வெட்டும் பொறி சும்மா நிற்கும். பொறி நின்றால் நட்டம். ஆகவே கணிப்பு, வரைபடம், பொருட்பட்டியல், வெட்டும் பொறிக்கான கட்டளை ஆகிய அனைத்தையும் ஒரே மாதிரியுருவிலிருந்து தரும் மென்பொருளே சிறந்தது என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஒரே அளவை மூவர் மூன்று முறை எழுதினால் பிழை புகும் என்பதைப் பட்டறையில் வேலை செய்த எவரும் அறிவர். ஆயினும் இவ்வாதம் மென்பொருளிலிருந்து வெளிவருவதைப் பற்றியே பேசுகின்றது. உள்ளே அது எதனைக் கணிக்கின்றது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் கூறுவதில்லை. பிழையான உறுப்பை விரைவாக வெட்டித் தருவதும் வேகந்தான்.

சாதாரண உருக்குச் சட்டகக் கட்டடத்தில் ஒரு மூலையில் ஒரு தூண் நிற்கும். அலகுக் கட்டடத்திலோ நான்கு அலகுகளின் மூலைகள் ஓரிடத்திற் கூடுகின்றன. கீழே நான்கு தூண்கள், மேலே நான்கு தூண்கள். ஆக எட்டுத் தூண் முனைகள். இவற்றைப் பிணைக்கும் தகட்டையும் ஆணியையும் எட்டிப் பூட்டுவதற்கு வழி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மாத்திரமே உண்டு. இம்மூட்டு முற்றாக விறைப்பானதுமன்று, முற்றாகச் சுழலக்கூடியதுமன்று. அதன் விறைப்பு எவ்வளவு என்பதைச் சோதனைக்கூடத்தில் இழுத்தும் தள்ளியும் பார்த்தே அறிதல் வேண்டும். காற்று கட்டடத்தைத் தள்ளும்போது அவ்விசை இம்மூட்டுகளினூடாகவே கடந்து நிலத்தைச் சேர்கின்றது.

பொது நோக்கத்துக்கென ஆக்கப்பட்ட மென்பொருளிற் கவனமின்றி வரைவோர்க்கு இவ்வெட்டு முனைகளும் திரையில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகின்றன. கீழ் அலகின் கூரை வளையும் மேல் அலகின் தள வளையும் சிறு இடைவெளியுடன் அடுத்தடுத்துக் கிடப்பவை. மிக அண்மையிலுள்ள புள்ளிகளைத் தானாகவே ஒன்றாக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதன் எல்லையைத் தவறாக வைத்தால் இரு வளைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டடம் கணிப்பிலே உள்ளதைவிட விறைப்பாகிவிடும். திரையோ பச்சை நிறம் காட்டும். அப்பச்சை நிறத்தைக் கண்டு மனம் நிறையும் முகாமையாளரே மென்பொருளைத் தெரிவு செய்பவராகவும் இருந்தால் கேட்கவேண்டியதில்லை.

அலகு வீடாவதற்கு முன்னரே அதற்குச் சோதனைக் காலம் வந்துவிடுகின்றது. பாரந்தூக்கியில் தொங்கும்போது, அமுக்கத்துக்கென ஆக்கப்பட்ட தூண் இழுவையைத் தாங்குகின்றது. நிறைவெய்திய கட்டடத்தை மாத்திரம் கணிப்போர் இதனைக் காண்பதில்லை. அடுக்கும்போது ஒவ்வோர் அலகும் சில மில்லிமீற்றர் விலகி அமர்ந்தாலும் அவ்விலகல்கள் மாடிக்கு மாடி கூடிச் செல்லலாம். நியூயோர்க்கின் புறூக்ளினில் 930 அலகுகளைக் கொண்ட 32 மாடிக் கட்டடம் 2012 இல் தொடங்கப்பட்டு 2016 இலேயே திறக்கப்பட்டது. அலகுகள் சரிவரப் பொருந்தாமை அங்கு எழுந்த பிணக்கின் ஒரு பகுதியாயிற்று.

மூட்டின் முக்கியத்துவம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. கிழக்கு இலண்டனில் றோனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் கட்டடம் 1968 இல் எழுந்தது. அது பெட்டி அலகுகளாலன்றி, தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற்றுப் பலகங்களால் ஆனது. அவ்வாண்டு மே 16 ஆந் திகதி அதிகாலையில், 18 ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. சுவர்ப் பலகம் வெளியே தள்ளப்பட, மேலே நின்றவை தாங்கலற்று விழுந்தன. அவற்றின் மோதலாற் கீழே இருந்தவையும் விழுந்தன. ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நால்வர் மாண்டனர். வெடித்த வீட்டில் இருந்த பெண் உயிர் தப்பினார். சுவரும் தளமும் தத்தம் அளவிற் பலமாகவே இருந்தன. அவற்றைப் பிணைத்த மூட்டிலேதான் பலம் இருக்கவில்லை. 1986 இல் அக்கட்டடத்தைப் பிரித்தபோது பல மூட்டுகள் உரியவாறு நிரப்பப்படாமல் இருந்தமை வெளிப்பட்டது. ஓரிடத்துச் சேதம் கட்டடமெங்கும் பரவலாகாது என்னும் விதி பிரித்தானியச் சட்டத்தில் 1970 இல் ஏறியது இவ்விபத்தின் பின்னரே.

“அன்று இத்தகைய கணனிக் கணிப்பு இருக்கவில்லை, இன்று உண்டு” என்பர். கணனி இருந்த இடத்தில் நடந்ததையும் பார்ப்போம். அமெரிக்காவின் ஹாட்போர்ட் நகரத்து விளையாட்டரங்கின் கூரை, அக்காலத்திற் பெருமையாகப் பேசப்பட்ட கணனிக் கணிப்பினால் உருவானது. கட்டும்போதே அது கணித்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தொய்ந்தது. அச்செய்தி பொறியியலாளருக்கு எட்டியும் கணிப்பின்மேல் வைத்த நம்பிக்கை குலையவில்லை. 1978 சனவரி 18 ஆந் திகதி, ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கூடைப்பந்தாட்டம் பார்த்துச் சென்ற சில மணி நேரத்தில், பனியின் பாரத்தாற் கூரை முழுவதும் வீழ்ந்தது. மேலுறுப்புகள் நடுவிலும் தாங்கப்பட்டுள்ளன எனக் கணிப்பிற் கொண்டிருந்தனர்; மூட்டு அமைந்திருந்த விதமோ அத்தாங்கலைப் போதியவாறு அளிக்கவில்லை. நோர்வேயில் 1991 இற் கடலில் மூழ்கிய சிலைப்னர் மேடையின் கதையும் இதற்கு இனமானது. புகழ்பெற்ற நாஸ்ரான் மென்பொருளைக் கொண்டே கணித்தனர். சிறு கூறுகளாகப் பிரித்த விதம் தகாததால் ஓரிடத்துத் தகைப்பு 47 சதவீதம் குறைவாக வந்தது. மென்பொருளின் புகழைக் காட்டித் தெரிவை நியாயப்படுத்துவோர் இதனைக் கருதுவார்களாக.

இன்று கட்டமைப்புத் துறையில் வழங்கும் பல மென்பொருள்களுக்கு முன்னோடியாகிய ‘சாப்’ என்பதனை, பேர்க்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எட்வேட் வில்சன் 1970 இல் வெளியிட்டார். ஆங்கிலப் பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு ‘ஏமாளி’ என்று பொருள். செய்நிரலுக்கு அறிவு கிடையாது, பொறுப்புப் பொறியியலாளருடையதே என்பதை நினைவூட்டவே அப்பெயரை வைத்தார். ஆக்கியவரே ஏமாளி என்று பெயரிட்டதை அறிஞனென்று விற்பவர்களை என்னென்பது!

அப்படியாயின் எவ்வாறு தெரிவு செய்வது? விற்பனையாளர் கொண்டுவரும் அழகிய எடுத்துக்காட்டுக் கட்டடத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். நிறுவனம் தனது சொந்த அலகையும், சோதனைக்கூடத்திற் பரிசோதித்த தனது மூட்டையும், கையாற் கணித்து விடை கண்ட ஒரு சிறு அடுக்கையும் முன்வைத்து, “இதனைக் கணித்துக் காட்டுக” என்று கேட்டல் வேண்டும். அளந்தறிந்த விறைப்பை மூட்டுக்கு இட இடமுண்டா? தூக்கும் நிலை, ஏற்றிச் செல்லும் நிலை, ஒவ்வொரு மாடியும் ஏறும் நிலை ஆகியவற்றைத் தனித்தனியே கணிக்குமா? ஒரு மூலைத் தூணை நீக்கிவிட்டால் எஞ்சியது நிற்குமா என்று கேட்க முடியுமா? இடைநிலை எண்களைத் திறந்து காட்டுமா, அல்லது இறுதி நிறத்தை மட்டும் காட்டுமா? இவற்றுக்கு விடை தராத மென்பொருள், வெட்டும் பொறியோடு எவ்வளவு இனிமையாக உரையாடினாலும் நிராகரிக்கத்தக்கதே. வெட்டும் பொறிக்கான இணைப்பைப் பின்னர் வேறொன்றால் ஏற்படுத்திக்கொள்ளலாம். இரண்டுக்கும் விலை கொடுக்க நேருமே என்று கணக்காளர் முறையிடக்கூடும், முறையிடட்டும். தனியொரு கட்டடத்திற் பிழைவிட்டால் ஒரு கட்டடத்துக்கே கேடு. தொழிற்சாலையில் ஒரு மூட்டிற் பிழைவிட்டால் அப்பிழை அச்சுப் பிசகாமல் ஆயிரம் அறைகளுக்குச் செல்லும். ஆதலின் தெரிவுக் குழுவில் இறுதிச் சொல், கணிப்பிற் கையொப்பமிடும் பொறியியலாளருக்கே உரியது. எமது பொறியியற் பீடங்களிலிருந்து இத்தகைய தொழிலுக்குச் செல்லும் இளைஞர் அவ்வுரிமையை முதல் நாளிலேயே கோருதல் வேண்டும்.

எவரும் கேட்காத வினா இன்னொன்று உண்டு. ஆண்டுச் சந்தாவுக்கு மென்பொருளை வாடகையாகப் பெறும் வழக்கம் இன்று பரவியுள்ளது. சந்தா நின்றால் மென்பொருள் இயங்காது. அதன் தனி வடிவிற் சேமித்த கணிப்பும் அதனோடு பூட்டப்பட்டுவிடும். அலகுத் தொழிலோ உறுதியான தொழிலன்று. அமெரிக்காவில் கற்ரெறா நிறுவனம் 2021 இல் முறிந்தது. பிரித்தானியாவில் 2023 இல் இல்க் ஹோம்ஸ் வீழ்ந்தது. அதே ஆண்டில் லீகல் அன் ஜெனரல் தனது தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஒரு நிறுவனம் மறைந்தாலும் அது ஆக்கிய வீடுகளிற் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டேயிருக்கும். முப்பது ஆண்டுகளின் பின் அங்கு ஒரு சுவரை அகற்ற விரும்பும் பொறியியலாளர், அம்மூட்டின் கணிப்பை எதனைக் கொண்டு திறந்து படிப்பார்?