கழிவறை வாசலில் ஒரு நன்றி



சென்ற மாதம் எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். எனக்கு அல்ல, அப்பாவுக்கு. புராஸ்டேட் ஆபரேஷன். டியூபை எடுத்த மறுநாள் காலையில் நர்ஸம்மா வந்து, “என்ன தாத்தா, யூரின் போச்சா?” என்றார். அப்பா கூச்சத்தோடு தலையாட்டினார். அவ்வளவுதான், பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும், ஏதோ அவர் பரீட்சையில் பாஸான மாதிரி சிரித்துக்கொண்டோம்.

இந்தச் சந்தோஷத்துக்கென்றே யூதர்களிடம் ஒரு பிரார்த்தனை உண்டு. ‘அஷெர் யாட்ஸர்’ என்று பெயர். கழிவறைக்குப் போய்வந்து, கை கழுவியபின் சொல்வது. பல வீடுகளில் கழிவறைக்கு வெளியே அதை அச்சடித்து மாட்டியிருப்பார்கள். உடம்பில் எத்தனையோ துவாரங்கள், எத்தனையோ குழாய்கள். அடைபடக் கூடாத ஒன்று அடைபட்டாலும், திறக்கக் கூடாத ஒன்று திறந்தாலும் மனிதன் எழுந்து நிற்க முடியாது. அப்படி ஆகாமல் காத்ததற்கு நன்றி என்பது அதன் சாரம். இதை 4-ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த அபாயே என்ற அறிஞர் சொன்னதாக யூதர்களின் சட்ட நூலான தால்முதில் இருக்கிறது. ரொட்டிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, இடி முழங்கினால் ஒன்று என நாளைக்கு நூறு முறை இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவர்கள் மரபு. நூறு என்றதும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் புலம்பலுக்கு நாம் கணக்கா வைக்கிறோம்?

மகிழ்ச்சியைப் பற்றி அதிகம் பேசிய யூத குரு பிரெஸ்லவ் நாக்மன். இன்றைய உக்ரைனில் 1772-இல் பிறந்தவர். வாழ்க்கை ஒன்றும் அவரைத் தாலாட்டவில்லை. இரண்டு மகன்களும் குழந்தைகளாகவே போய்விட்டார்கள், மனைவி போனார், காசநோயில் 38 வயதில் அவரும் போனார். மனச்சோர்வு அவருக்கு வீட்டு விருந்தாளி மாதிரி. அதனால்தானோ என்னவோ, சந்தோஷம் தானாக வரும் என்று அவர் நம்பவில்லை. வேறு வழியில்லாவிட்டால் கோமாளித்தனம் செய்தாவது அதை வரவழைத்துக்கொள் என்றார். ஒரு மதகுரு இப்படிச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பிரார்த்தனைக்கும் அவர் ஒரு வழி சொன்னார். தினமும் ஒரு மணி நேரம் தனியாகப் போ. வயல்வெளி என்றால் இன்னும் நல்லது. ஜெப மொழியான ஹீப்ரு வேண்டாம், வீட்டில் பேசும் இத்திஷிலேயே கடவுளிடம் பேசு. பேச்சு வரவில்லையா? பேச்சு வரவில்லை என்பதையே அவரிடம் சொல்லு.

தானத்துக்கு யூதர்கள் சொல்லும் சொல் ‘செதாக்கா’. நீதி என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் ‘தர்மம்’ என்ற சொல்லும் வாசலில் நிற்பவருக்குப் போடும் காசு, நியாயம் இரண்டையும் குறிக்கிறதே. 12-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் செதாக்காவில் எட்டுப் படிகள் வகுத்தார். மேல்படி, ஒருவர் இனிக் கை நீட்டவே தேவையில்லாதபடி வேலையோ கடனோ தந்து தூக்கிவிடுவது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆயிரம் பொற்காசு கொடுத்தாலும் புண்ணியமில்லை என்றும் எழுதினார்.

சாஸவ் ஊரின் மோஷே லெய்ப் என்ற யூத குருவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சாராயக் கடையில் இரண்டு குடியானவர்கள். ஒருவன், “உனக்கு என் மேல பிரியம் உண்டா?” என்று கேட்கிறான். “உசுரையே வச்சிருக்கேனே!” “அப்படின்னா, எனக்கு எங்கே வலிக்குதுன்னு சொல்லு.” மற்றவனிடம் பதில் இல்லை. அன்பு என்றால் என்னவென்று அந்தக் குடிகாரர்களிடம் கற்றதாக மோஷே லெய்ப் சொல்வாராம்.

அப்பா வீட்டுக்கு வந்ததும், ராத்திரி எழுந்து போக வசதியாக அவர் கட்டிலைக் கழிவறைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தோம். தினமும் காலையில் நானும் நர்ஸம்மா மாதிரியே “போச்சாப்பா?” என்று கேட்பேன். இந்தக் கதை நினைவுக்கு வந்த அன்று கேள்வியை மாற்றி, “என்னப்பா கஷ்டமா இருக்கு?” என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

“ஜன்னல் பக்கம் இருந்த கட்டிலை எதுக்குடா மாத்தினீங்க? விடிஞ்சுதா இல்லையான்னே தெரியல.”

சாயங்காலம் நானும் என் பையனும் கட்டிலைத் தூக்கிப் பழைய இடத்திலேயே போட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்