எட்டாம் வகுப்போடு முடிந்துபோகும் உரிமை

2025ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில், திருவானைக்காவலைச் சேர்ந்த ஒரு தாய் இரண்டு தாள்களுடன் எங்களைத் தேடி வந்தார். ஒன்று, அவருடைய மகள் எட்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றதைக் காட்டும் மதிப்பெண் அட்டை. மற்றொன்று, அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பைத் தொடரச் செலுத்த வேண்டிய கட்டணப் பட்டியல். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான அவருடைய எட்டு மாத ஊதியத்தை அந்தப் பட்டியல் விழுங்கிவிடும். பெயரில் ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லைத் தாங்கிய அப்பள்ளியில், எல்கேஜி முதல் பத்து ஆண்டுகள், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் அந்தச் சிறுமி படித்திருந்தாள். “இத்தனை வருஷம் சும்மா படிச்சது போதும், இனிமே கட்டித்தான் படிக்கணும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க சார். சட்டத்துலயே அப்படித்தான் இருக்கா?” என்று கேட்டார்.

அப்படித்தான் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு மட்டுமே கட்டணமில்லாக் கல்வியை அடிப்படை உரிமையாக்குகிறது. அதைச் செயற்படுத்த வந்த 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிவுற்ற பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது; ஆனால் தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை. இந்த எல்லைக்கோட்டின் வேர் இன்னும் பழையது. 1993ஆம் ஆண்டின் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பிலேயே உச்சநீதிமன்றம் 14 வயது வரை உரிமை என்றும், அதற்குப் பிறகு அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டது என்றும் கூறிவிட்டது. 2012இல் தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில் 25 விழுக்காட்டு ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பு வந்தபோது நம் தரப்பு கொண்டாடியது. எட்டாம் வகுப்புக்குப் பின் என்ன என்பதை அன்று நாமும் உரக்கக் கேட்கவில்லை.

இனி, பன்னாட்டு உயர்நிலைக் கல்வி என்பது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கேம்பிரிட்ஜ் நடத்தும் ஐஜிசிஎஸ்இ பெரும்பாலும் 9, 10ஆம் வகுப்புகளுக்குரியது. ஐபி டிப்ளமா 11, 12ஆம் வகுப்புகளுக்குரியது. உரிமை முடியும் அதே படியில்தான் அந்தக் கல்வியின் வாசற்படி இருக்கிறது. ஜெனீவாவில் 1968இல் உருவான ஐபி, இந்தியாவில் முதன்முதலில் காலூன்றியது நம் மாநிலத்தில்தான்: மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் பள்ளி 1976இல் அதனை ஏற்றது. ஆறு பாடப் பிரிவுகள், மாணவரே தலைப்பைத் தேர்ந்து எழுதும் 4,000 சொல் ஆய்வுக் கட்டுரை, படைப்பும் உடலுழைப்பும் சேவையும் சேர்ந்த செயற்பாடுகள். இவற்றோடு, ‘ஒன்றை நாம் அறிந்திருக்கிறோம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்’ என்று விசாரிக்கும் ஒரு தனிப் பாடமும் உண்டு. பிறந்த நாள் முதல் தன் இடம் இதுவென்று பிறர் சொல்லக் கேட்டு வளரும் தலித் மாணவரைவிட இந்தக் கேள்வி வேறு யாருக்கு அதிகம் தேவை?

பெயரில் ‘இன்டர்நேஷனல்’, ‘குளோபல்’ என்றிருப்பதாலேயே பாடத்திட்டம் பன்னாட்டுப் பாடத்திட்டம் ஆகிவிடாது. சிபிஎஸ்இ பாடத்தை நடத்திக்கொண்டே அப்பெயரைச் சூடிய பள்ளிகள் ஏராளம். ஆனால் எந்த வாரியமாக இருந்தாலும் 25 விழுக்காட்டுக் கடமையிலிருந்து தப்ப முடியாது. சட்டத்தில் ‘பள்ளி’ என்பதற்கான வரையறை பாடத்திட்டத்தைப் பார்ப்பதில்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2014ஆம் ஆண்டின் பிரமதி தீர்ப்பு அந்த விலக்கை முழுமையாக்கியது. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வே எழுப்பிப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. திருச்சியின் பழம்பெரும் பள்ளிகள் பலவும் கிறித்தவ நிறுவனங்களுடையவை என்பதால் இவ்வழக்கு நம் நகருக்கு நெருக்கமானது. நம் முன்னோர் பலருக்கு முதல் எழுத்தைக் கற்பித்தவையும் அத்தகைய பள்ளிகளே என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. சிறுபான்மை உரிமையைக் கரைப்பதற்கான சாக்காக ஏழைக் குழந்தை ஆகிவிடக் கூடாது.

எட்டாம் வகுப்பு எல்லையை நம் மாநிலச் சட்டமே எப்படி இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு வழங்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டம், ஆர்டிஇ ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு அதன்பின் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் பயனாளிகளாகச் சேர்த்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழந்தை எட்டாம் வகுப்போடு வெளியேற்றப்படும் என்பதைச் சட்டமன்றம் முன்பே அறிந்திருந்தது என்பதையும் அது காட்டுகிறது. கடன் வாங்கி அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பைத் தொடரும் மாணவி, கட்டணத்தோடு 7.5 விழுக்காட்டு வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறாள்.

14 வயதில் முடிவது இது ஒன்று மட்டுமன்று. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடை. பள்ளிக்கூடம் கதவைச் சாத்தும் அதே வயதில் பட்டறையும் துணிக்கடையும் கதவைத் திறக்கின்றன. இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், பதினான்கு வயதுச் சேரிச் சிறுவனுக்கு இந்த அரசு வரைந்து வைத்திருக்கும் பாதை தெரிந்துவிடும்.

ஸ்ரீரங்கத்தில் வாழ்வோருக்குத் திருப்பாணாழ்வார் கதை தெரியாமல் இராது. உறையூரில் வளர்ந்த பாணர், காவிரியின் தென்கரையில் நின்றபடியே பாடியவர். தீவின் மண்ணில் கால் வைக்கத் துணியாதவர். லோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுசென்றதாக மரபு சொல்கிறது. பக்தர்கள் இதைக் கேட்டு உருகுகிறார்கள். எங்களுக்கோ வேறொன்று படுகிறது: கடைசிவரை அந்த மனிதருடைய பாதம் அந்தத் தெருக்களில் பதியவில்லை. தோளில் ஏற்றுவதும் இறக்குவதும் சுமப்பவரின் விருப்பம். 25 விழுக்காட்டு ஒதுக்கீடும் நம் பிள்ளைகளை இப்படித்தான் எட்டாம் வகுப்பு வரை சுமந்து, கரையில் இறக்கிவிடுகிறது.

அந்த ஆண்டுகளின் பள்ளி வாழ்க்கையையும் பேசியாக வேண்டும். நாங்குநேரியில் 2023இல் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கைகளில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்கும் நெற்றிக் குறிகளுக்கும் தடை வேண்டும் என்றது. உயர்கட்டணப் பள்ளிகளில் சாதிக்குக் கயிறு தேவைப்படுவதில்லை. ஸ்ரீரங்கத்தில் “எந்தத் தெரு?” என்ற ஒரு கேள்வி போதும். உத்திர வீதியா, சித்திரை வீதியா, மதில்களுக்கு வெளியேயா என்பதிலிருந்து மீதியை ஊகித்துக்கொள்வார்கள். மதிய உணவு டப்பா, பிறந்த நாள் விருந்துக்கு யார் அழைக்கப்படுகிறார்கள், சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதவர் பட்டியலை வகுப்பில் யார் உரக்கப் படிக்கிறார்கள் என்பவையெல்லாம் கயிறின் வேலையைச் செய்கின்றன. பாடநூலுக்கும் சீருடைக்கும் ஆகும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் கூறிய பிறகும், ‘இதர செயற்பாடுகள்’ என்ற தலைப்பில் ரசீது வருவதைப் பெற்றோர் எங்களிடம் காட்டுகிறார்கள்.

ஐபி பாடத்திட்டத்தில் சேவை என்ற கூறு உண்டு என்றோம். மாணவர்கள் சமூகத்துக்குப் பயன்படும் பணியொன்றில் ஈடுபட வேண்டும், நோக்கம் சிறந்ததே. நடைமுறையில் அவர்கள் வரும் இடம் பெரும்பாலும் நம் குடியிருப்பு. நோட்டுப் புத்தகம் வழங்குவார்கள், சுவருக்கு வண்ணம் பூசுவார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குடியிருப்பின் பிள்ளை அவர்களோடு அதே வகுப்பில் அமர்ந்திருந்தால் அந்தப் புகைப்படத்தில் எந்தப் பக்கம் நிற்பாள்? ஒன்பதாம் வகுப்பில் அவளை வெளியேற்றிவிட்டால் இந்தச் சங்கடமே எழாது என்பது தற்செயல்தானா என்று நாங்கள் சில வேளை நினைப்பதுண்டு.

நம் தோழர்களில் ஒரு சாரார் கேட்பார்கள்: பணக்காரப் பள்ளியின் இருக்கைக்காக ஏன் போராட வேண்டும், அரசுப் பள்ளியை அல்லவா உயர்த்த வேண்டும்? இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. பச்சைமலையின் அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த ஒரு மாணவி 2024இல் திருச்சி என்ஐடியில் சேர்ந்தார். அதே துவாக்குடியில், 56 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் கட்டப்பட்ட அரசு மாதிரிப் பள்ளியை முதலமைச்சர் 2025 மே மாதம் திறந்துவைத்தார். இவை நம் பெருமைகள். ஆயினும் மாதிரிப் பள்ளி தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கானது. ‘மாதிரி’ என்ற சொல்லிலேயே மற்றவை அப்படி இல்லை என்ற ஒப்புதலும் அடங்கியிருக்கிறது.

தரமான பன்னாட்டுப் பாடத்திட்டம் செல்வந்தருக்கு மட்டுமே உரியது என்பதும் உண்மையன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில், பெரும்பாலும் ஏழைக் கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர் படிக்கும் சாதாரண அரசுப் பள்ளிகளில் ஐபி நடத்தப்படுகிறது. அம்மாணவர்கள் கல்லூரியில் சேர்வதிலும் நிலைத்துப் படிப்பதிலும் தம்மையொத்த பிறரைவிட முன்னிற்பதை 2012இல் வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான்: அரசுப் பள்ளியை உயர்த்துவதும், தனியார் பள்ளியிலிருந்து நம் பிள்ளையைப் பாதியில் துரத்துவதை நிறுத்துவதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

ஒன்பதாம் வகுப்புக்குப் பின் பட்டியலின மாணவருக்கு இன்று என்ன இருக்கிறது? ஒன்றிய அரசின் ‘ஸ்ரேஷ்டா’ திட்டம் 9, 11ஆம் வகுப்புகளில் தனியார் உறைவிடப் பள்ளிகளில் சேர நுழைவுத் தேர்வு நடத்துகிறது. நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 இடங்கள். மற்றபடி 9, 10ஆம் வகுப்புகளுக்கான உதவித்தொகை, விடுதியில் தங்காதவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய். அந்தத் தாய் கொண்டுவந்த பட்டியலில் அது ஒரு வரிக்குக்கூடக் காணாது. வெளிநாட்டில் முதுகலை படிக்கச் செல்லும் ஆதிதிராவிட மாணவருக்குத் தமிழ்நாடு அரசு உதவுகிறது, வரவேற்கிறோம். இருபத்திரண்டு வயதில் அந்தக் கப்பலில் ஏற வேண்டியவர்கள் பதினான்கு வயதில் துறைமுகத்திலேயே இறக்கப்பட்டுவிடுகிறார்கள்.

இந்நிலையில் நுழைவாயிலே 2025இல் அடைபட்டது. தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிதியை நிறுத்தியது. நிதி இல்லை என்று மாநில அரசு சேர்க்கையைத் தொடங்கவில்லை. கல்வி உரிமைக்கான நிதியை அத்திட்டத்தோடு பிணைக்கத் தேவையில்லை என்று ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் எடுத்துரைத்தது. நிதி வந்து அக்டோபரில் சேர்க்கை தொடங்கியபோது, ஏற்கெனவே அப்பள்ளிகளில் சேர்ந்துவிட்ட குழந்தைகளிடமிருந்தே பயனாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கட்டிய பணம் திருப்பித் தரப்படும் என்றார்கள். ஜூனில் பணம் கட்ட முடியாத குழந்தை அக்டோபரில் அப்பள்ளியில் எப்படி இருந்திருக்கும்? அந்த ஓராண்டு யாருக்குப் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. விந்தை என்னவெனில், எந்தக் கொள்கையை ஏற்கச் சொல்லிப் பணம் நிறுத்தப்பட்டதோ, அதே 2020ஆம் ஆண்டுக் கொள்கை 18 வயது வரை அனைவருக்கும் பள்ளிக் கல்வி என்கிறது. அதற்கான சட்டத் திருத்தம் இதுவரை வரவில்லை.

மாநில அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்டிஇ வழியே எட்டாம் வகுப்பை முடித்த மாணவியருக்கு 9 முதல் 12 வரையிலான தனியார் பள்ளிக் கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டத்தை ராஜஸ்தான் அரசு 2022இல் அறிவித்தது. கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றலாம். குறைந்தபட்சம் ஓர் அரசாணை போதும். அவ்வாறு செய்யும்போது 7.5 விழுக்காட்டுச் சட்டத்தின் வரையறையையும் சேர்த்துத் திருத்த வேண்டும். இல்லையேல் ஒரு கையால் கொடுத்ததை மறு கை பறித்துக்கொள்ளும். 25 விழுக்காட்டுக்குள் பட்டியலினத்தவருக்கெனத் தனிப் பங்கும் வேண்டும். தமிழ்நாட்டு விதிகள் பிற்படுத்தப்பட்டோரையும் ஒரே தொகுப்பில் வைத்திருப்பதால், குலுக்கலில் நம் பிள்ளைகளின் பங்கு கரைகிறது. சேர்க்கைக்கான ஒரு கிலோமீட்டர் எல்லையும் மாற வேண்டும். நகருக்கு வெளியே வயல்களுக்கு நடுவே எழும் வளாகங்களுக்குப் பணக்காரப் பிள்ளைகள் இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து பேருந்தில் வருகிறார்கள்; உரிமை மட்டும் நடந்து வர வேண்டுமாம்.

அந்தச் சிறுமி 2025 ஜூனில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். இப்போது ஆங்கில வழிப் பிரிவில் படிக்கிறாள். பழைய தோழிகள் யாரும் அழைப்பதில்லை என்றார் தாய்.

2013–14இல் எல்கேஜியில் சேர்ந்த ஆர்டிஇ குழந்தைகள் 2023இல் எட்டாம் வகுப்பை முடித்தார்கள். 2027 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதுவார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பில் அதே பள்ளியில் நீடித்தார்கள், அவர்களுள் பட்டியலினத்தவர் எத்தனை பேர், அரசு நிலத்திலோ கோயில் நிலத்திலோ குத்தகைக்கு நிற்கும் தனியார் பள்ளிகள் எவை என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்ட வாரியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் இரண்டும் தனியார் பள்ளிகள் இயக்ககத்துக்கு. மூன்றாவது வருவாய்த் துறைக்கும் இந்து சமய அறநிலையத் துறைக்கும். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்குக் கெடு முப்பது நாள். திருச்சி மாவட்டத்துக்கான விண்ணப்பத்தை நாங்கள் எழுதிவிட்டோம்; பிற மாவட்டங்களின் கல்லூரி மாணவர்கள் அதே கேள்விகளைத் தத்தம் ஊரில் கேட்கலாம்.