தவணை தவறுவோரும் அண்டை அயலாரும்

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லும் ஊர்தோறும் நாம் ஒருவகை அங்கத்தினரைக் காண்கிறோம். அவர் தொழில் தெரியாதவரல்லர், நாணயமற்றவருமல்லர். ஆயினும் அவர் தறியில் ஏற்றிய பாவு பாதியில் நிற்கும். பயிர்க்கடன் மனு கையொப்பமின்றிப் பெட்டியில் கிடக்கும். நிர்வாகக் குழுவினர் அவரைச் 'சோம்பேறி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அச்சொல் பலரிடத்துப் பொருந்தாது என்பதே நமது கருத்து.

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு நிலை குழந்தைகளுக்கே உரியதென்று முன்னர்க் கருதப்பட்டது. மூளை வளர்ச்சியைச் சார்ந்த இந்நிலை, சிறுவயதில் தோன்றிப் பலரிடம் முதிர்ந்த வயதிலும் நீடிப்பதை இன்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்கிறது. உலகெங்கும் நூறு பெரியவர்களில் ஏறத்தாழ இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பர். இவர்களுக்கு அறிவில் குறைவில்லை. மூன்று மாதங்கழித்துக் கிடைக்கவிருக்கும் பயன் இவர்களை இன்று எழுப்பி வேலையில் அமர்த்துவதில்லை, அவ்வளவே. செய்யத் தெரிந்ததைச் செய்து முடிப்பதுதான் இவர்களது இடர்.

பொழிச்சலூரில் நமக்கு அண்டையில் வாழும் அன்பரொருவர், நடுவயதை எட்டிய பின்னரே மருத்துவர் வாயிலாகத் தம் நிலையை அறிந்தார். மின்கட்டணத்தை உரிய நாளில் அவர் செலுத்தி நாம் கண்டதில்லை. ஆனால் தெருவார் பத்துப்பேர் சேர்ந்து நடத்தும் சீட்டில் ஒரு தவணையும் தவறியதில்லை! காரணம் வினவினோம். "ஒன்பது பேர் வாசலில் காத்திருப்பார்களே, ஐயா!" என்றார். (பதிவு பெறாத சீட்டை நாம் பரிந்துரைப்பதாக எவரும் கொள்ள வேண்டா, அது வேறு வழக்கு.)

நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் விடியற்காலையில் எவரும் தாமதிப்பதில்லை. வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். எதிர்முனையில் நிற்பவர் பெயர் சொல்லிக் கூவி அழைப்பார். அதே மனிதர் வீட்டினுள் தறிக்குழியில் தனியே இறங்கியதும் நாட்கள் நழுவுகின்றன. உழவரிடத்தும் அப்படியே. ஏரிநீர் முறை வந்தால் நள்ளிரவிலும் மண்வெட்டியுடன் மடையில் நிற்பவர், உர ரசீதை எங்கோ வைத்துவிட்டு ஒரு மாதம் தேடுவார்.

கூட்டுறவின் வேரிலேயே இவ்வுண்மை உள்ளது. ஐரோப்பிய நாணய சங்கங்களை ஆராயுமாறு சென்னை அரசாங்கம் 1892-ல் பிரடெரிக் நிக்கல்சனைப் பணித்தது. 1895, 1897 ஆண்டுகளில் வெளிவந்த அவரது அறிக்கை, ஜெர்மானியரான ரைபைசன் கண்ட முறையைப் பெரிதும் போற்றியது. அம்முறையில் சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூரே. கடன் பெறுபவரை அயலார் அனைவரும் அறிவர். கடனுக்குப் பொறுப்பும் அனைவரையும் சாரும். 1904-ல் சட்டம் வந்தது. அவ்வாண்டே நமது பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் மாகாணத்தின் முதல் கிராம நாணய சங்கம் தோன்றியது.

எனினும் அக்கறையுடன் கேட்பது வேறு, அவமதிப்பது வேறு. பணியேற்ற புதிதில் ஓர் ஊரில், தவணை தவறியோர் பெயர்களைப் பலகையில் எழுதுமாறு நாமே கூறினோம். அவர்களுள் நெசவாளர் ஒருவர் அதன்பின் சங்கப் படியேறவேயில்லை. தனியார் வியாபாரியிடம் போய்விட்டார். அவர் நெய்த துணியின் தரம் அவ்வூரில் பிறர்க்கு வாய்க்கவில்லை என்று பின்னர்க் கேள்வியுற்றோம். பிழை நம்முடையது.

பாவு முழுதும் முடித்து வருக என்னாமல், வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, நெய்தது எத்தனை மீட்டர் என்று கேட்கலாம். செயலாளர் கேட்க வேண்டுவதில்லை. பக்கத்துத் தறிக்காரர் போதும். அவரும் தம் கணக்கைச் சொல்லட்டும். ஒரு வாரம் தவறினால், மறுவாரத்துக்குச் சிறிய அளவாகக் குறித்துக்கொள்ளலாம். எவருக்கு இந்நிலை உண்டென்று தீர்மானிப்பதோ பதிவேட்டில் எழுதுவதோ சங்கத்தின் வேலையன்று. விரும்பிக் கேட்கும் எவர்க்கும் இம்முறை கிடைக்கட்டும். இது மருத்துவத்துக்கு மாற்றுமன்று. ஐயமுள்ளோர் மனநல மருத்துவரை நாடலாம். 2022 முதல் 14416 என்னும் இலவசத் தொலைபேசி ஆலோசனையும் உண்டு.

நம் தணிக்கை அறிக்கைகளும் மேலதிகாரியின் சுற்றுப்பயணத் தேதி வந்த பின்னரே முடிகின்றன என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.