யார் வைத்த கோப்பு இது?

“அண்ணே, கணக்கு மாதிரி வினாத்தாள் பிடிஎஃப் வந்திருக்குண்ணே. எடுத்து பிரின்ட் போட்டுக் குடுங்கண்ணே.”

பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில் புதுக்கோட்டை புதிய பேருந்து நிலையத்துப் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையில் நின்றாலும் இந்தக் குரலைக் கேட்கலாம். ஒரு நாள் நான் அங்கே நின்றிருந்தபோது வந்த பையன் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த லிங்க்கைக் காட்டினான். கடைக்காரர் அதைக் கணினியில் திறந்தார். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏற்றிவைக்கலாம் என்கிற இலவசக் கோப்புத் தளம் அது. ‘டவுன்லோடு’ என்று பச்சையில் ஒரு பட்டன், நீலத்தில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று. மூன்றுமே விளம்பரம். உண்மையான பட்டன் அடியில் சாம்பல் நிறத்தில் ஒண்டிக்கிடந்தது. அதை அழுத்தினால் காத்திருக்கச் சொல்லி நொடிகள் ஓடின. அதற்குள் வேறொரு ஜன்னல் தானாகத் திறந்து, கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று சிவப்பு எழுத்தில் மிரட்டியது. அதை மூடினால், ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதியுங்கள்’ என்று இன்னொன்று. அதை அனுமதித்தால் சூதாட்ட விளம்பரங்களும் போலி எச்சரிக்கைகளும் நாளெல்லாம் திரையின் மூலையில் வந்து விழுந்துகொண்டே இருக்கும்.

ஒருவழியாகக் கோப்பு இறங்கியது. பெயரின் கடைசியில் ‘பிடிஎஃப்’ என்றுதான் இருந்தது. ஐகானும் நமக்குப் பழக்கமான சிவப்பு பிடிஎஃப் ஐகான்தான். “கொஞ்சம் பொறுங்க தம்பி” என்று சொல்லி, வியூ மெனுவில் கோப்பின் எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி டிக் செய்யச் சொன்னேன். பெயர் நீண்டது. ‘பிடிஎஃப்’ என்பதற்குப் பின்னால் ‘டாட் இஎக்ஸ்இ’ என்று ஒரு வால். அது வினாத்தாளே இல்லை; திறந்தவுடன் இயங்கத் தொடங்கும் ஒரு நிரல். கடைக்காரர் உடனே அழித்தார்.

இது புதுத் தந்திரம் ஒன்றும் இல்லை. 2000-ம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகத்தையே உலுக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸும் இப்படித்தான் பரவியது. சாதாரண எழுத்துக் கோப்பு போலப் பெயர் வைத்து, நிஜ வாலை மறைத்து, காதல் கடிதம் என்று மின்னஞ்சலில் வந்தது. கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றைக்கும் விண்டோஸ், நாமாக மாற்றாதவரை அந்த வாலை மறைத்தே காட்டுகிறது.

இலவசத் தளங்களைப் பற்றி யாரிடம் பேசினாலும், “வைரஸ் இருக்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை இங்கே வைத்தது யார்? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி அபாயம் போய்விடும். இந்தத் தளங்களின் அமைப்பிலோ அந்தப் பதிலுக்கு இடமே கிடையாது. ஏற்றியவருக்குப் பெயர் தேவையில்லை, முகவரி தேவையில்லை. நல்ல மனதோடு பாடக்குறிப்பை ஏற்றிய ஆசிரியரும் கணினியைக் கொள்ளையடிக்க வந்தவனும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

தளம் நடத்துகிற எல்லோரும் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். கோப்புகளைத் தாங்கும் கணினிகளுக்கு மின்சாரம் வேண்டும், இணைப்பு வேண்டும். இறக்குபவர் காசு கொடுப்பதில்லை. ஆகவே விளம்பரக்காரன்தான் கொடுக்கிறான். நல்ல விளம்பரம் வராத இடத்துக்கு எந்த விளம்பரம் வரும் என்று சொல்லவா வேண்டும்? 2006-ல் தொடங்கிய ‘ஸிப்பிஷேர்’ தளம் 2023 மார்ச்சோடு மூடப்பட்டபோது, மின்கட்டணம் ஏறியதையும், விளம்பரத்தைத் தடுக்கும் மென்பொருள்கள் பெருகியதையும்தான் நடத்தியவர்கள் காரணமாகச் சொன்னார்கள். 2002-ல் வந்து ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ‘ரேபிட்ஷேர்’ 2015 மார்ச் 31-ல் கடையைக் கட்டியது. ‘மெகாஅப்லோடு’ தளத்தை 2012 ஜனவரி 19-ல் அமெரிக்க அரசு முடக்கியபோது திருட்டுப் படங்களோடு சேர்ந்து, சொந்தக் கோப்புகளை நம்பி வைத்திருந்தவர்களின் உழைப்பும் போயிற்று.

ஆன்ட்டி வைரஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். கோப்பை ஸிப்பாகச் சுருட்டி, பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டைப் பக்கத்திலேயே எழுதிவைத்திருப்பார்கள். எல்லோருக்கும் தெரிகிற பாஸ்வேர்டு எதற்கு? வைரஸ் தேடும் மென்பொருள் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான். இன்னொன்று, சின்ன நிரலுக்குள் வெற்றுத் தகவலைத் திணித்து நூற்றுக்கணக்கான எம்பி அளவுக்கு ஊதவைப்பது. பெரிய கோப்புகளைப் பல சோதனைக் கருவிகள் தொடுவதில்லை. கூகுள் டிரைவே 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை வைரஸ் சோதனை செய்ய முடியாது என்று எச்சரித்துவிட்டுத்தான் இறக்க விடுகிறது.

உள்ளே வருவது என்ன செய்யும்? இப்போது பரவலாக இருப்பவை சத்தமே போடாத திருட்டு நிரல்கள். பிரவுசரில் நாம் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளையும் உள்நுழைவுத் தகவல்களையும் அள்ளி அனுப்பிவிட்டு அடங்கிவிடும். அப்படிப்பட்ட ‘லும்மா’ என்ற நிரல் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதங்களில் உலகெங்கும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. இன்னொரு வகை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது. ‘ஸ்டாப்’ என்ற நிரல் பெரும்பாலும், உரிமப் பூட்டைத் திருட்டுத்தனமாக உடைத்த ‘கிராக்’ மென்பொருள்கள் வழியாகவே வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தது. பூட்டியபின் ஒரு குறிப்பை விட்டுச்சென்றது: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490 டாலர்.

நம் ஊர் டிடிபி கடைகளை நினைத்தால்தான் எனக்குப் பதைக்கிறது. போட்டோஷாப், கோரல்டிரா எல்லாம் விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது என்று கிராக் தேடுகிறார்கள். அதோடு வரும் குறிப்பில் முதல் வரி என்ன தெரியுமா? ‘ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.’ வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கு என்று சொல்பவனை வேறெங்கே நம்புவோம்? கல்யாணப் பத்திரிகையும் காதணி விழா பேனரும் மட்டும் அந்தக் கணினிகளில் இல்லை. கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும்போது இப்போது மொய்க் கணக்கும் கணினியில்தான் ஏறுகிறது. யார் எவ்வளவு செய்தார், யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது ஒரு வட்டாரத்தின் மொத்தக் கடன் கணக்கு. கிராக் கோப்பு ஒன்றால் அது பூட்டப்பட்டால் எத்தனை குடும்பங்களுக்குள் மனஸ்தாபம் வரும்?

கிராமத்து வீடுகளில் இன்னொரு பலவீனமும் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் பழையவற்றில் இருக்கும் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அண்ணன் படித்த அதே மடிக்கணினியில் தங்கை இன்று இலவசத் தளங்களைத் திறக்கும்போது, புதிய ஓட்டைகளை அடைக்க யாரும் வருவதில்லை.

‘வைத்தது யார்?’ என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு பழைய பதில் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கென்று சொந்தமாக அம்மன் காசு இருந்தது. சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. சந்தையில் அதை வாங்கியவர், கொடுத்தவர் முகத்தைப் பார்த்து நம்பவில்லை; அச்சடித்தது யார் என்று காசே சொன்னதால் நம்பினார். கோப்புகளுக்கும் இப்படி முத்திரை உண்டு. மென்பொருளை உருவாக்கியவர்கள் தங்கள் தளத்தில் டிஜிட்டல் கையொப்பத்தோடு தருகிறார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் ‘ஹாஷ்’ எண்ணையும் பலர் பக்கத்திலேயே வெளியிடுகிறார்கள். வழியில் யாராவது கை வைத்து மாற்றிய கோப்பில் அந்த முத்திரை செல்லாது.

முத்திரையுள்ள இடத்துக்குப் போகும் வழியை அரசே அடைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். வீடியோ பார்க்க நாம் எல்லோரும் பயன்படுத்தும் விஎல்சி பிளேயரின் அதிகாரபூர்வ இணையதளம் 2022-ல் பல மாதங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. காரணமும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. இந்தியர்களைத் தெரியாத தளங்களின் பக்கம் தள்ளுகிறீர்கள் என்று அதை உருவாக்கியவர்கள் முறையிட்டார்கள். இணைய உரிமைகளுக்காகக் குரல்கொடுக்கும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் துணையோடு சட்ட நோட்டீஸ் அனுப்பிய பிறகு, நவம்பரில் தடை நீங்கியது. தெரிந்த வாசலைச் சாத்தினால் மக்கள் தெரியாத வாசலைத் தேடிப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

தமிழில் நமக்குத் தெரிந்த வாசல்கள் நிறையவே இருக்கின்றன என்பதுதான் ஆறுதல். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பில் சங்க இலக்கியம் முதல் நவீன இலக்கியம் வரை தட்டச்சு செய்து தந்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ இருக்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த எழுத்தும், அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தும் எல்லோருக்கும் பொது. புதுமைப்பித்தனைப் படிக்க வைரஸ் தளத்துக்குப் போக வேண்டியதே இல்லை. இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் நூல் அவர் அனுமதியில்லாமல் இலவச பிடிஎஃப்பாகக் கிடைத்தால் அது திருடப்பட்டது. விலை கொடுத்து வாங்குவதே முறை.

நம் மாவட்ட வரலாற்றைத் தேடுபவர்களும் இலவசத் தளங்களின் வலையில் சிக்குகிறார்கள். 1929-ல் வெளிவந்த புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுதி, எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-ல் எழுதிய சமஸ்தான வரலாறு, கே.ஆர். வெங்கடராம ஐயரின் சமஸ்தான மேனுவல் எல்லாம் கிடைப்பதற்கு அரியவை. குடுமியான்மலைக் கல்வெட்டைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் இந்த நூல்களின் பெயரைத் தட்டினால், ஏதேதோ தளங்கள் கையைப் பிடித்து இழுக்கும். அவர் முதலில் போக வேண்டிய இடம் உள்ளூரிலேயே இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மையாரும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் அது. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, அட்டை எப்படி இருந்தது என்று அங்கே நூலையே கையில் எடுத்துப் பார்க்கலாம். இணையத்தில் வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இடத்தில், ஏற்றிய நிறுவனத்தின் பெயரைப் பார்த்து எடுக்கலாம்.

வேறு வழியில்லாமல் இலவசத் தளத்தில்தான் இறக்க வேண்டும் என்றால், எக்ஸ்டென்ஷனைக் காட்டும் வசதியை முதலில் போட்டுவைக்க வேண்டும். வினாத்தாளும் புத்தகமும் இஎக்ஸ்இயாகவோ, செல்போன் செயலிக் கோப்பான ஏபிகேயாகவோ வராது. வந்தால் திறக்காமல் அழித்துவிட வேண்டும். பாஸ்வேர்டு போட்ட ஸிப் என்றால் தொடவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றினால், பல ஆன்ட்டி வைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஒன்றும் இல்லை என்று வந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. அங்கே சொந்த ஆவணங்களை ஏற்றவும் கூடாது. செல்போனில், பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலி நிறுவும் அனுமதியை மூடிவைப்பது நல்லது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பிப் பணம் பறிப்பது இப்போது நாடெங்கும் நடக்கிறது. பணம் போனால் தயங்காமல் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இவ்வளவும் இறக்குபவருக்கான எச்சரிக்கை. ஆனால் பதினைந்து வயதுப் பையனிடமே எல்லாப் பொறுப்பையும் சுமத்துவது நியாயம் இல்லை. அவன் லிங்க்கை நம்பினான். அது ஆசிரியர் குழுவிலிருந்து வந்தது என்பதால் நம்பினான். ஊருக்கு நன்மை செய்ய நினைத்து வினாத்தாள் தயாரித்த ஆசிரியர்களே, சங்கங்களே, அதைக் கண்ட தளத்திலும் ஏற்றாதீர்கள். பள்ளியின் இணையதளத்திலோ, உங்கள் பெயர் தெரியும் கணக்கிலோ வையுங்கள். முதல் பக்கத்தில் தயாரித்தவர் பெயரும் தேதியும் இருக்கட்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் பழைய வினாத்தாள்களைத் தன் இணையதளத்திலேயே தருகிறது. பாடநூல்களும் அரசின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அதே வழியில், மாவட்டத்தில் தயாராகும் மாதிரி வினாத்தாள்கள் அனைத்தையும் ஒரே பக்கத்தில் மாவட்டக் கல்வித் துறை தர முடியும். பெரிய செலவில்லை, புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை. அந்த முகவரியை ஒவ்வொரு பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டால், கறம்பக்குடிப் பிள்ளையும் பொன்னமராவதிப் பிள்ளையும் தேர்வுக்கு முந்தைய இரவில் பச்சைப் பட்டனா, நீலப் பட்டனா என்று திண்டாட வேண்டியிருக்காது. இந்தக் கல்வியாண்டிலேயே அதைச் செய்துவிடலாம், செய்ய வேண்டும்.