'ஏழை' என்ன சாதி?

"உலகத்துல ரெண்டே சாதிதான், ஒண்ணு பணக்காரன், இன்னொண்ணு ஏழை." சினிமாவில் கதாநாயகன் சொன்னால் கைதட்டிவிட்டு வந்துவிடலாம். ஆனால் மேடையில் தோழரும் இதைத்தான் சொல்கிறார், பட்டிமன்ற நடுவரும் சொல்கிறார், இட ஒதுக்கீடு என்றதும் முகம் சுளிக்கிற ஆபீசரும் சொல்கிறார். ஒருவருக்கொருவர் ஆகாத இத்தனை பேரும் ஒரே வசனத்தைப் பேசினால், அதில் எல்லாருக்கும் ஏதோ லாபம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

'ஏழை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். "ஒரு ஊரில் ஓர் ஏழைப் பிராமணன் இருந்தான்" என்று கதை தொடங்கினால் கேட்பவர் நெஞ்சு இளகிவிடும். அவன் ஏழையாக இருக்கக் கூடாதவன், ஏதோ கெட்ட காலம். ஏழைப் பறையன், ஏழைச் சக்கிலியன் என்று எந்தக் கதையாவது தொடங்கிக் கேட்டிருக்கிறீர்களா? தேவையே இல்லை. சாதிப் பெயரைச் சொன்னதுமே வயிறு காய்ந்ததும் சொல்லியாயிற்று. அந்த வறுமையில் யாருக்கும் அதிர்ச்சி கிடையாது. 'அவங்க அப்படித்தான்.' அதே சேரியில் ஒருத்தன் படித்து வேலைக்குப் போய் மெத்தை வீடு கட்டட்டும், அவனைப் பணக்காரன் என்று யாராவது சொல்கிறார்களா, காது கொடுத்துக் கேளுங்கள். 'கோட்டாவுல வந்தவன்.' 'இப்பல்லாம் அவங்களுக்குத் திமிரு ஜாஸ்தி.' ஆக, அந்த ரெண்டு சாதியிலும் நமக்கு இடமில்லை.

பணத்தை மட்டுமே பார்க்கிற இடம் என்று பெயர் வாங்கியது வங்கி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன், அங்கேயும் 'நல்ல பார்ட்டி' என்றால் கடனைக் கட்டுகிறவன் என்று மட்டும் அர்த்தம் இல்லை. நகரத்தில் 'ஆபீசர்ஸ் காலனி' என்று முகவரி இருந்தால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். ஒரு கிராமத்துப் பெயருக்குப் பின்னால் அதே 'காலனி' வந்தால் மனுவைப் புரட்டுகிற விரல் நின்றுவிடும். சாதி எழுதும் கட்டம் வரை போகவே வேண்டாம். இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. வரவேற்போம். ஆனால் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டாலும் தெரு ஊருக்கு வெளியேதானே இருக்கிறது! அது ஆபீசருக்கும் தெரியும்.

இனி டில்லிக்காரர்கள் செய்ததைப் பார்ப்போம். 2019இல் 103ஆவது சட்டத் திருத்தம், 'பொருளாதாரத்தில் நலிவுற்ற பிரிவினர்' என்று ஒரு புதுப் பெயர், 10 சதவீத ஒதுக்கீடு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால் ஏழையாம். மாசம் 66 ஆயிரம் வாங்குகிற ஏழை! ஆனால் நடவுக்குப் போகிற நம் சித்தி இந்தச் சட்டப்படி ஏழை இல்லை. பட்டியல் சாதியாரும் பழங்குடியினரும் பிற்படுத்தப்பட்டோரும் இதில் வர முடியாது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், இது செல்லும் என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 2019இல், பாரத ஸ்டேட் வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் தமிழ்நாட்டுக் கட்-ஆஃப் வந்தது: பட்டியல் சாதிக்கு 61.25, இந்தப் புது ஏழைக்கு 28.5. 'தகுதி, திறமை' என்று அதுவரை ஓதியவர்கள் அன்றைக்கு எந்த ஊரில் இருந்தார்கள்? ரெண்டே சாதி என்றவர்களுக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. ஏழைக்கும் சாதி உண்டு, அது நம் சாதி இல்லை.

நமக்குச் சொல் வைக்கிற வேலையை எப்போதும் மற்றவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். காந்தியார் 'ஹரிஜன்' கொண்டுவந்தபோது, அதைச் சட்டத்தில் நுழைப்பதை எதிர்த்து 1938இல் பம்பாய் சட்டசபையிலிருந்து அம்பேத்கர் தம் கட்சியோடு வெளியேறினார். வெறும் பெயர்தானே என்று அவர்கள் விடவில்லை.

தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, 44 பேர். 'விவசாயக் கூலிகள்' என்கிறீர்கள். கூலி கேட்டார்கள், செங்கொடி பிடித்தார்கள், உண்மை. அந்த வீரத்தை யாரும் குறைக்கவில்லை. எரிந்த குடிசை எந்தத் தெருவில் இருந்தது என்பதை மட்டும் ஏன் விழுங்குகிறீர்கள்? நிலக்காரர்கள் விழுங்கவில்லை, கொள்ளிக்கட்டையோடு நேராகச் சேரிக்குத்தான் வந்தார்கள். 1973இல் அவர்களை விடுதலை செய்த உயர்நீதிமன்றம், பெரும் நிலக்காரர்கள், அதில் ஒருவர் கார் வைத்திருப்பவர், இவர்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்றது. கார் இருந்தால் கொலைகாரன் இல்லை! இது வர்க்க நீதி என்று நீங்கள் எழுதுவீர்கள். சரிதான். ஆனால் அந்தக் கார்க்காரன் மாதிரி ஆட்கள் நடக்கத் தயங்குகிற தெரு எது, ஏன் தயங்குகிறார்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

சாதியைப் பேசினால் உழைப்பவர் ஒற்றுமை உடைந்துவிடும் என்பார்கள். ஒரே வயலில் வேலை பார்த்துவிட்டு டீக்கடையில் அவனுக்குக் கண்ணாடி கிளாஸும் நமக்குச் சிரட்டையும் கொடுத்தபோது உடையாத ஒற்றுமை, நாம் வாயைத் திறந்தால் உடைகிறதாம். அடுத்த மாநாட்டுத் துண்டறிக்கையில் 'ஏழை எளிய மக்களே' என்று அச்சுக் கோர்க்கும் முன்னால், எந்தத் தெரு மக்கள் என்று முதலில் போடுங்கள். அதைப் படித்துவிட்டு யார் யார் மாநாட்டுக்கு வருகிறார்கள் என்று பார்ப்போம்.